ஜீப்பு கிளம்புவதற்கு முன்

எங்கள் சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிகள் பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்குக் ‘குறிப்பு’ என்று தலைப்பு இருக்கும். என் வேலைக் காலத்தில் அந்தக் கட்டத்தில் நான் அதிகம் எழுதிய சொல் ‘பூட்டு’. வீடு தேடிப் போனேன், கதவு பூட்டியிருந்தது, திரும்பி வந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் என் இடத்துக்கு வந்திருக்கும் நர்சுப் பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது பதிவேடு சுமப்பதில்லை. எல்லாம் கைபேசியில்தான். “வீடு பூட்டியிருந்துச்சுன்னா அதுக்கும் ஒரு கட்டம் இருக்குக்கா. தொட்டுட்டா போதும், அடுத்த வீடு வந்துரும்” என்று காட்டினாள். நல்ல பிள்ளை, வேலையில் சுறுசுறுப்பு. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு டாக்டர் திலகவதி அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. வாயால் சொன்னால் கோர்வையாக வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் போடிக்காரி. எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஏலக்காய் வியாபாரம். மலையிலிருந்து மூட்டைகள் கடையில் வந்து இறங்கும். பச்சை நிறம் குறையாத முதல் தரக் காயை அத்தா கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். நானும் பார்த்திருக்கிறேன். அதைப் பறித்த கை யாருடையது என்று மட்டும் எனக்குத் தோன்றியதில்லை. பிளஸ் டூ முடித்து, மதுரையில் நர்சு பயிற்சி எடுத்து, சிலமலைப் பக்கம் சில வருடம் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். அங்கே வயற்காட்டு வேலைக்காரர்கள் வெயில் ஏறினால் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எப்போது போனாலும் யாராவது இருப்பார்கள். பிறகு போடி நகரத்துக்கு மாற்றலானேன். நான் பார்க்க வேண்டிய தெருக்களில் கடைசியாக வருவது மேற்குக் காலனி. அதைத் தாண்டினால் மலையடிவாரம்தான்.

டாக்டர் அம்மா வந்தபோது நான் நகரத்தில் பதினோரு வருடம் முடித்திருந்தேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, கையில் எப்போதும் ஒரு பென்சில். கூட்டிப் பெருக்கும் அம்மாவையும் “வாங்க, உக்காருங்க” என்றுதான் சொல்வார். யாரையும் நாலு பேர் முன்னால் திட்டியதில்லை. ஆனால் கேள்வி கேட்பார். அதற்குத் திட்டே தேவலை என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

வந்த இரண்டாவது வாரம் என் பதிவேட்டைக் கேட்டார். நான் பெருமையாகத்தான் கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்காது. அவர் ஒரு மர ஸ்கேலை எடுத்துப் பெயர்களையும் மற்றக் கட்டங்களையும் மறைத்தாற்போல் வைத்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு வரியில் பென்சில் நின்றது.

“செல்வராணி. மூணாம் மாசம் பதிவு பண்ணியிருக்கீங்க. அப்புறம் மூணு தடவை பூட்டு. இவங்க எங்க?”

“வீடு பூட்டியிருக்கு டாக்டர்.”

“அது தெரியுது. எத்தனை மணிக்குப் போனீங்க?”

“பதினோரு மணிக்கு.”

“அதுக்கு அடுத்த தடவை?”

“அப்பவும் பதினோரு மணிதான் டாக்டர். ஓபி முடிஞ்சு கிளம்புனா அந்த நேரம்தான் ஆகும்.”

“அந்தத் தெருவுல பூட்டுன்னு எழுதுன வீட்டுக்காரங்க எல்லாரும் பதினோரு மணிக்கு எங்க இருப்பாங்க?”

எனக்குத் தெரியும். போடியில் பிறந்த யாருக்கும் தெரியும். “ஏலக்காட்டுல இருப்பாங்க. விடிகாலைல ஜீப்புல மேல போயிட்டு, பொழுது சாயத்தான் எறங்குவாங்க” என்றேன்.

“ஜீப்பு எத்தனை மணிக்குக் கிளம்பும்?”

“அஞ்சேகாலுக்குள்ள எல்லாம் கிளம்பிரும்.”

அவர் பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்தார். “அப்ப நாலே முக்காலுக்கு நாம அங்க நிக்கணும். செவ்வாய்க்கிழமை போலாமா?” என்றார். குரலில் கோபமே இல்லை. நான் வெளியே வந்து கிணற்றடியில் முகம் கழுவினேன். சந்தையிலும் தெருவிலும் நான் தினம் பார்க்கும் ஜனங்கள். அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று தெரிந்துகொண்டே, அவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பதினோரு வருடம் கதவைத் தட்டியிருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். மூணாறு ரோட்டு ஓரத்தில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள். எல்லாரும் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். காட்டில் இலை அறுக்காமலும் அட்டை ஏறாமலும் இருக்க அந்த முழுக்கைச் சட்டைதான் காவல். டாக்டர் அம்மாவையும் எங்கள் மருந்துப் பெட்டியையும் பார்த்ததும் கூட்டம் மெல்ல ஜீப்புக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

முதல் ஜீப்பின் டிரைவர் காசி அண்ணன் முன்னால் வந்தார். “என்னம்மா, சோலிக்குப் போற நேரத்துல? வெரசா ஏத்திக்கிட்டுப் போகணும். நேரமாச்சுன்னா மேல ஏசுவாக” என்றார்.

“உங்களைப் பாக்கத்தான்ணே வந்தோம். இத்தனை பேரை வச்சுக்கிட்டு அத்தனை வளைவுல ஏத்துறீங்க. சட்டைக் கையை மடிங்க” என்றார் டாக்டர் அம்மா.

காசி அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்து கையை நீட்டினார். அளந்து பார்த்தபோது பிரஷர் நூற்றி எண்பதைத் தாண்டியிருந்தது. டாக்டர் அம்மா கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு கையிலும் பார்த்தார். அதே அளவு. காசி அண்ணனின் சிரிப்பு நின்றுபோனது.

“ஏதும் பயமா அம்மா?”

“மாத்திரை போட்டா பயமில்லை. போடாம இப்படியே ஓட்டுனா எனக்குப் பயம். உங்களுக்கு மட்டும் இல்லண்ணே, பின்னால உக்காந்திருக்கிறவங்களுக்கும்.”

காசி அண்ணன் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “ஏத்தா, எல்லாரும் வரிசையா வந்து பாத்துட்டு ஏறுங்க. பாக்காதவுக யாரும் என் வண்டில ஏற வேணாம்!” என்றார். மற்ற டிரைவர்களும் தங்கள் கைகளை நீட்டத் தொடங்கினார்கள்.

ரத்தத்தில் சத்து எவ்வளவு என்று பார்ப்பது பெரிய வலியில்லாத வேலைதான். இடது கை மோதிர விரலை ஸ்பிரிட்டால் துடைத்து, காய விட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுக்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அன்று முதல் பெண்ணின் விரலில் இரண்டு முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. ஏலக்காய்ப் பாலேறி விரல் கறுத்து, தோல் தடித்திருந்தது. அந்தக் குளிரில் விரலும் விறைத்துக் கிடந்தது. அழுத்திப் பிதுக்கினால் கணக்குத் தப்பாக வரும். நான் டாக்டர் அம்மாவைப் பார்த்தேன். அவர் டீக்கடைக்காரரிடம் போய்க் கண்ணாடி டம்ளர்களில் வெந்நீர் வாங்கி வந்து, வரிசையில் நின்றவர்கள் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பிடித்துக்கொண்டு நின்றால் போதும். விரல் சூடானதும் ரத்தம் வந்தது.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். யாருடைய அளவையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சீட்டில் எழுதி, மடித்து, அவரவர் கையில் கொடுக்க வேண்டும். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் இரண்டு சட்டை போட்டிருந்தாள். பார்க்காமலே ஏறிவிடலாம் என்று ஜீப்பின் பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முதலில் முழங்காலை வைத்து, அப்புறம் உடம்பை இழுத்தாள். கர்ப்பிணிகள் கட்டிலில் ஏறுவதை ஆயிரம் தடவை பார்த்தவள் நான். பக்கத்தில் போனேன். செல்வராணிதான்.

“எல்லாருக்கும் பாக்குறோம்த்தா. உன் விரலையும் குடு” என்றேன். எல்லாரும் என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் இறங்கினாள். ஏழு புள்ளி இரண்டு. ஏழாவது மாதத்தில் இருக்கும் ஒருத்திக்கு அது குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும். சீட்டை மடித்துக் கொடுத்தேன். அவள் என் கையை விடவில்லை.

“அக்கா, யார்ட்டயும் சொல்லிராதீக. மாசமா இருக்கேன்னு தெரிஞ்சா வண்டில ஏத்த மாட்டாக.”

பிறகு காசி அண்ணனிடம் தனியாக, யார் பெயரையும் சொல்லாமல், மாசமானவர்களை ஏற்ற மாட்டீர்களா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “மேல அப்படித்தான்மா சொல்லியிருக்காக. சரிவுல விழுந்து ஏதும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றதுன்னு. வயிறு தெரிஞ்சா நிப்பாட்டிருவோம். நிப்பாட்டுனா வீட்டுல அடுப்பு எரியாது. அதான் மறைக்குதுக” என்றார். டாக்டர் அம்மா டிரைவர் கையை ஏன் முதலில் பிடித்தார், சீட்டை ஏன் மடிக்கச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளை மட்டும் தனியாக அழைத்திருந்தால் நாங்களே அவள் வேலையைப் பறித்திருப்போம்.

ஜீப்புகள் போன பிறகு வீட்டுக்கு வந்து சுபுஹு தொழுதேன். அன்று தொழுகைக்குப் பின் கேட்ட துஆவில் அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு லீவு. எங்களுக்கும் லீவு. செல்வராணிக்காக டாக்டர் அம்மா தன் கையால் நிலையத்தைத் திறந்தார். இரும்புச்சத்து மருந்தை உப்புநீர் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். ஆரம்பத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடியையும் மூச்சையும் பார்க்க வேண்டும். நான்கு ஞாயிறு வர வேண்டும் என்றோம். இரண்டு ஞாயிறு வந்தாள். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. காலனிக்கு ஓடினேன். கதவில் பூட்டு தொங்கியது. “காய் பறிப்பு மும்முரம்னு புருசனும் பொஞ்சாதியும் லயத்துலயே தங்கப் போயிட்டாக” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மலை மேலே வேலைக்காரர்கள் தங்கும் வரிசை வீடுகளைத்தான் லயம் என்பது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. எங்கள் பதிவேடு அங்கே செல்லாது, எங்கள் அதிகாரமும் போடிமெட்டோடு முடிந்தது. டாக்டர் அம்மா அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டுப் பேசினார். மறுநாள் லீவு போட்டுவிட்டு, “நீங்களும் வர்றீங்களா?” என்று என்னைக் கேட்டார். இருவரும் காசி அண்ணன் ஜீப்பிலேயே, தூக்குவாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஏறினோம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. எனக்கு ஒன்பதாவது வளைவிலேயே குமட்டியது. பக்கத்தில் இருந்த பெண் ஒரு புளிப்பு மிட்டாயைக் கையில் திணித்தாள். இதில் செல்வராணி வயிற்றுப் பிள்ளையோடு தினம் ஏறி இறங்கியிருக்கிறாள் என்ற நினைப்பே என்னை வாட்டியது.

மேலே அந்தப் பக்கத்து நர்சு லிசி எங்களுக்காகக் காத்திருந்தார். என்னைவிடச் சின்னவர். பெரிய குடையும், இடுப்பில் செருகிய சேலையுமாக முன்னால் நடந்தார். ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. காய் மட்டும் தரையோரத்தில் காய்க்கும். பறிக்கிறவர்கள் செடியின் அடியில் குந்தித்தான் பறிக்க வேண்டும். ஈரச் சரிவில் கால் அகட்டி, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் செல்வராணி காயைப் பறித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

“இங்கயும் வந்துட்டீகளா? உங்களுக்கு என்னக்கா? பாத்துட்டு எறங்கிப் போயிருவீக. எனக்கு இருக்க சோலியும் போயிரும். நான் ஏதும் கேட்டேனா உங்கள்ட்ட?”

டாக்டர் அம்மா அந்த ஈரத் தரையில் அவளுக்கு எதிரே குந்தினார்.

“நீங்க கேக்கலதான். நாங்கதான் உங்கள மூணு மாசமா தேட வேண்டிய நேரத்துல தேடல. தப்பு எங்க மேல. அத சரி பண்ணத்தான் வந்தோம்” என்றார்.

நாங்கள் என்றார். நூர்ஜஹான் என்று என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. “நான்தான்த்தா. ஒவ்வொரு தடவையும் நீ இல்லாத நேரமா வந்து, வீடு பூட்டுன்னு எழுதிட்டுப் போனேன்” என்றேன். செல்வராணி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அழுதாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு மேற்பார்வை பார்ப்பவர் வந்துவிட்டார். வயிற்றைப் பார்த்தார். “இதுக்குத்தாம்மா மாசமானவங்கள எடுக்கிறதில்ல. ஏதாச்சும் ஆனா பழி எங்க தலைல” என்றார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

“நீங்க விரட்டுறதாலதான் மறைக்கிறாங்க. மறைக்கிறதாலதான் இந்தச் சரிவுல உக்காந்திருக்காங்க. விழுந்தா அப்பவும் பழி வரும்” என்றார் டாக்டர் அம்மா. “மேல ஸ்டோர்ல காய் தரம் பிரிக்கிறாங்களே, அது உக்காந்து பாக்குற வேலைதானே? பிரசவம் வரைக்கும் அங்க போடுங்க. இந்தப் பக்கம் லிசி பாத்துக்குவாங்க. நான் எழுதித் தர்றேன்.”

“எழுதித் தருவீங்களா?” என்று மேற்பார்வை பார்ப்பவர் உறுதிக்காகக் கேட்டார். டாக்டர் அம்மா அங்கேயே, மடியில் அட்டையை வைத்து, அந்தப் பென்சிலை உள்ளே வைத்துவிட்டுப் பேனா எடுத்து எழுதிக் கொடுத்தார்.

லிசி என் கையைப் பிடித்துக்கொண்டு, “குழப்பமில்ல சேச்சி. பாக்கி ரெண்டு ஊசியும் ஞான் இவிட போடாம்” என்று மலையாளம் கலந்து தைரியம் சொன்னார். அன்றைக்கு ஒரு சாதாரண நோட்டு வாங்கி இரண்டு பேரும் எழுத ஆரம்பித்தோம். காசி அண்ணன் ஜீப்பில் அது மேலே போகும், கீழே வரும். இந்தப் பக்கத்துக் கர்ப்பிணி அந்தப் பக்கம் போனால் லிசிக்குத் தெரியும், திரும்பினால் எனக்குத் தெரியும். எந்த உத்தரவும் இல்லாமல் ஆரம்பித்த நோட்டு. நான் ஓய்வு பெறும்போது ஏழாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் செல்வராணியைக் காசி அண்ணன் முன் இருக்கையில் உட்கார வைத்துப் பதமாக இறக்கிக்கொண்டு வந்தார். போடி அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த கையோடு உதிரப்போக்கு நிற்கவில்லை. வெளியே நானும் டாக்டர் அம்மாவும் நின்றோம். அவர் பென்சிலை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்தவர்கள் பாடுபட்டு நிறுத்தினார்கள். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வெளியே வந்த பிரசவ டாக்டர் நான் எழுதியிருந்த செல்வராணியின் பதிவட்டையைக் காட்டி, “பத்துக்கு மேல ஏத்திக் கொண்டாந்திருக்கீங்க. ஏழோட வந்திருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது” என்றார். டாக்டர் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்கு முந்தைய பதினோரு வருடத்தில் நான் பூட்டு என்று எழுதிய மற்றவர்கள் எத்தனை பேர் எப்படித் தப்பினார்கள், தப்பினார்களா என்று எனக்குத் தெரியாது. எல்லாப் பெயரையும் தேடிப் பார்க்க முடியவில்லை. அல்லாஹ்விடம் விட்டிருக்கிறேன்.

செவ்வாய்க் காலைகள் தொடர்ந்தன. ரத்தம் பார்ப்பதோடு சர்க்கரை, பிரஷர், விடாத இருமல் என்று வேலை பெருகியது. மூன்று வருடம் கழித்து டாக்டர் அம்மாவுக்கு மாற்றல் வந்தது. விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புறப்பட்ட அன்று பஸ்சு ஸ்டாண்டில் நான் அழுதபோது, “நீங்க இல்லன்னா எனக்கு இந்த ஊரே தெரிஞ்சிருக்காது” என்றார். எனக்கு ஊரைக் காட்டியவர் அவர்தான். அதைச் சொல்வதற்குள் பஸ்சு நகர்ந்துவிட்டது.

அடுத்து வந்தவர் இளம் டாக்டர். நல்ல படிப்பாளி. ஆனால் ஆள் பற்றாக்குறை, வேலை தொடங்குவதே எட்டு மணிக்கு, உத்தரவில் இல்லாததை எப்படிச் செய்வது என்று யோசித்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். “இந்த வாரம் ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போக வேணாம் சிஸ்டர். அப்புறம் பாக்கலாம்” என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். கடைசியில் சரி சார் என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் செவ்வாய் எட்டு மணிக்கு நிலையத்துக்குப் போனால் வாசலில் ஜீப்புகள் நிற்கின்றன. ஐந்து ஜீப்பு. அத்தனை பெண்களும் சட்டை போட்டபடி, தூக்குவாளியோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் விட்டால் வீட்டில் இடிக்கும் என்பதற்காக வயிற்றையே மறைத்தவர்கள், அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முன்னால் இடுப்பில் மகளோடு செல்வராணி, அவள் பக்கத்தில் காசி அண்ணன்.

புதிய டாக்டர் வண்டியை நிறுத்திவிட்டுத் திகைத்துப் போய் நின்றார். “என்னம்மா, என்ன பிரச்சனை?”

“பிரச்சனை ஒண்ணுமில்ல சார்” என்றாள் செல்வராணி. “செவ்வாக்கெழம ரத்தம் பாப்பாக. அஞ்சேகால் வரைக்கும் நின்னு பாத்தோம், அக்கா வரல. அக்காவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு வந்தோம். பாத்துட்டே போயிர்றோம்.”

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவரே வெளியே வந்தார். மரத்தடியில் நாற்காலி போட்டு வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தோம். பாதி பேரைப் பார்த்து முடித்த பிறகு, குனிந்து எழுதிக்கொண்டே கேட்டார்.

“சிஸ்டர், அந்த ஜீப்பெல்லாம் எத்தனை மணிக்குக் கிளம்பும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் காசி அண்ணன் சொல்லிவிட்டார். “நீங்க நாலே முக்காலுக்கு வந்துட்டா சரியா இருக்கும் சார்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் போய் இறங்கியபோது, புதிய டாக்டர் எனக்கு முன்னால் வந்து, வெந்நீர் டம்ளர்களை வரிசையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.